முதலில் எந்த ஸ்கேன்? கருப்பைக் கழுத்துப் புற்றுநோயும் எம்.ஆர்.ஐ, சி.டி, பெட் ஸ்கேன்களும்

வெள்ளவத்தையில் இருக்கும் என் சித்திக்குக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் என்று பயாப்ஸி ரிப்போர்ட் வந்த அன்று, "காசு போனால் போகட்டும், பெட் ஸ்கேனே எடுப்போம்" என்றார் சித்தப்பா. டொக்டர் எழுதித் தந்ததோ எம்.ஆர்.ஐ. விலை குறைந்ததை எழுதிவிட்டாரோ என்று எங்களுக்குப் பயம்.

ஆனால் முதலில் தெரிய வேண்டியது ஆபரேஷனா, கதிர்ச் சிகிச்சையா என்பது. கட்டி 4 சென்ரிமீற்றருக்குள், கருப்பைக் கழுத்தோடு நின்றால் பெரும்பாலும் ஆபரேஷன். பக்கத்து இழையத்துக்குள் இறங்கிவிட்டால் கதிரும் கீமோவும். தவறாகக் கணித்து வெட்டிவிட்டுப் பிறகு கதிரும் கொடுத்தால், இரண்டின் பக்கவிளைவுகளையும் அந்த ஒரு உடம்புதான் தாங்க வேண்டும். கட்டியின் அளவையும் எல்லையையும் தெளிவாகக் காட்டுவது எம்.ஆர்.ஐ. கதிர்வீச்சும் இல்லை. சத்தமான குழாய்க்குள் அரை மணி நேரமாவது அசையாமல் படுக்க வேண்டும், அதுதான் கஷ்டம். பேஸ்மேக்கர் இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள்.

சி.டி சில நிமிடத்தில் முடிந்துவிடும். நுரையீரல், ஈரல், சிறுநீர் அடைபட்டு வீங்கிய சிறுநீரகம் எல்லாம் தெரியும். கட்டி எங்கே முடிகிறது என்பதுதான் சரியாகத் தெரியாது. புற்று பரவக்கூடிய சின்ன முடிச்சுகளான நிணநீர்க் கணுக்களையும் பருமனை வைத்தே சந்தேகிக்கிறது. சின்னக் கணுவுக்குள் புற்று இருந்தால் தப்பிவிடும்.

பெட் ஸ்கேனில் கதிரியக்கம் ஏற்றிய சீனியை ஊசியில் ஏற்றுகிறார்கள். புற்று அதை அதிகம் இழுத்துக்கொண்டு ஒளிரும். கணுக்களையும் தூரத்துப் பரவலையும் பார்க்க இதுதான் பலம். 2018இல் மாற்றிய சர்வதேச ஸ்டேஜ் முறையில், கணுவில் புற்று என்று ஸ்கேன் காட்டினாலே ஸ்டேஜ் 3சி. ஆனால் மிகச் சிறியதை இதுவும் தவறவிடும், வெறும் அழற்சியும் ஒளிரும். சீனி வருத்தம் உள்ளவர்கள் அதைக் கட்டுப்பாட்டில் வைத்துக்கொண்டே போக வேண்டும். மஹரகம அபேக்ஷா புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு பெட் ஸ்கேனர் வாங்க நாட்டு மக்கள் சேர்த்துக் கொடுத்த காசை நினைத்தால் இன்றும் மனம் நெகிழும்.

அப்புறம் அல்ட்ராசவுண்ட். கைதேர்ந்தவர் பிறப்புறுப்பின் உள்வழியாகச் செய்தால் கட்டியை எம்.ஆர்.ஐ.க்குக் கிட்டத்தட்டச் சமமாகக் காட்டும்.

என்னைக் கேட்டால், இடுப்புக்கு எம்.ஆர்.ஐ.தான் முதல். கட்டி பெரிதென்றாலோ கணுவில் சந்தேகம் என்றாலோ பெட். அது கிடைக்காவிட்டால் நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் சி.டி. டொக்டர் கையால் செய்யும் பரிசோதனையை எதுவும் ஈடுசெய்யாது.

சித்தியின் எம்.ஆர்.ஐ.யில் கட்டி பக்கத்து இழையத்துக்குள் இறங்கியிருந்தது. ஆபரேஷன் பேச்சு அன்றோடு நின்றது. பெட் அதற்குப் பிறகுதான் எடுத்தோம், கதிர் வயிற்றில் எவ்வளவு மேலே வரை போக வேண்டும் என்று பார்க்க.