குசினி ஜன்னலிலிருந்து கணினிவரை 15 மீட்டர்: யூஎஸ்பி ரிப்பீட்டருடன் சில வருடங்கள்

எங்கள் வீடு அட்டன் பக்கம், மலைச்சரிவை ஒட்டிய பழைய லயம். கருங்கல் சுவர். சிக்னல் ஒழுங்காகக் கிடைக்கும் ஒரே இடம் குசினி ஜன்னல். மடிக்கணினி இருப்பதோ முன் காம்பிராவில். 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது தங்கை உயர்தரம் படித்துக்கொண்டிருந்தாள். சிக்னல் தேடி மலை ஏறிய பிள்ளைகளில் அவளும் ஒருத்தி. காலில் அட்டை கடித்த இரத்தத்தோடு அவள் வந்து நின்ற மாலையில்தான், 4ஜி டொங்கலை (சிம் போட்டு யூஎஸ்பியில் செருகும் சிறு இணையக் கருவி) ஜன்னலில் வைத்து வயரை உள்ளே இழுத்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

முதலில் வாங்கிய 10 மீட்டர் சாதாரண வயர் வீண் செலவு. டொங்கலின் விளக்கு எரியும், வீடியோ தொடங்கியதும் இணைப்பு அறுந்துவிடும். யூஎஸ்பி 2.0 வினாடிக்கு 480 மெகாபிட் வேகத்தில் ஓடுகிறது. அதற்கு ஒரு வயர் 5 மீட்டரைத் தாண்டக்கூடாது. கணினி கேட்டதற்குக் குறித்த நேரத்துக்குள் பதில் வராவிட்டால், அது காத்திருப்பதில்லை.

அடுத்து ரிப்பீட்டர், அதாவது சிக்னலைப் புதுப்பித்து அடுத்த வயருக்கு அனுப்பும் சில்லு, பொருத்திய 5 மீட்டர் வயர்கள் மூன்று வாங்கினேன். ஒரு யூஎஸ்பி வாயைப் பலவாகப் பிரிக்கும் பெட்டியை ஹப் என்பார்கள்; இந்த வகை ரிப்பீட்டர் உண்மையில் ஒற்றை வாய் கொண்ட ஹப்தான். கணினிக்கும் கருவிக்கும் நடுவே ஐந்து ஹப்புக்கு மேல் போட முடியாது. அந்த ஐந்தில் இவையும் சேரும்.

பாடம் கேட்க முடிந்தது. ஆனால் ஒப்படையை அனுப்பத் தொடங்கினால் டொங்கல் அணைந்து அணைந்து எரிந்தது. குறை தூரத்தில் என்றே பல வாரம் நினைத்திருந்தேன். யூஎஸ்பி மீட்டர் ஒன்றை ஜன்னல் முனையில் செருகிப் பார்த்தபோதுதான் விளங்கியது: 5 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில், அனுப்பும் நேரத்தில் 4.3 வோல்ட். யூஎஸ்பி 2.0 வாய் தருவது 500 மில்லிஅம்பியர். அதில் ஒவ்வொரு ரிப்பீட்டரும் தன் பங்கை எடுத்துக்கொள்கிறது, மெல்லிய வயரோ வோல்ட்டைத் தின்றுவிடுகிறது. தனி அடாப்டர் உள்ள ஹப் ஒன்றை ஜன்னல் முனையில் வைத்தேன். அன்றே பிரச்சினை தீர்ந்தது. அடாப்டர் இல்லாத ஹப்பை மலிவு என்று வாங்கிவிடாதீர்கள். அதன் ஒவ்வொரு வாய்க்கும் 100 மில்லிஅம்பியர்தான் உறுதி, டொங்கலுக்கு அது எந்த மூலைக்கு?

2022 மின்வெட்டுக் காலத்தில் மடிக்கணினி பேட்டரியில் ஓடும், ஹப் படுத்துவிடும். ரவுட்டருக்கு விற்கும் சிறிய யூபிஎஸ்களில் 5 வோல்ட் வெளியீடு உள்ள ஒன்றைத் தேடி வாங்கி ஹப்புக்குக் கொடுத்தேன்.

புதிதாகத் தொடங்குபவருக்கு இணையம் மட்டும் போதும் என்றால், சிம் போடும் ரவுட்டரை ஜன்னலில் வைத்து ஈதர்நெட் வயர் இழுப்பதே நல்லது. அது 100 மீட்டர் வரை போகும். எனக்கு அதே ஹப்பில் ஸ்கேனரும் வேண்டியிருந்தது.

பனிமூட்டத்தை நான் கணக்கில் எடுக்கவில்லை. இரண்டாவது மழைக்காலத்தில், குசினிச் சுவரோரம் இருந்த இணைப்பைக் கழற்றினால் உள்ளே பச்சைக் களிம்பு. ஸ்பிரிட் தொட்ட பல்துலக்கியால் தேய்த்து, இணைப்புகளைச் சுவரிலிருந்து விலக்கி, கூரைச் சட்டத்தில் கட்டித் தொங்கவிட்டேன். அதன்பின் களிம்பு பிடிக்கவில்லை.

ஒக்டோபர், நவம்பர் பின்னேரங்களில் இடி முழங்கும்போது 15 மீட்டர் செம்புக் கம்பியை வீட்டுக்குள் செருகி வைத்திருக்க எனக்குத் துணிவில்லை. நான் வேலையில் இருந்தால், முதல் முழக்கத்துக்கே அம்மா இரண்டு முனைகளையும் கழற்றி அடாப்டரையும் பிடுங்கிவிடுகிறார்.