மூன்றாவது சிலிண்டருக்கு மூன்று சோதனைகள்

சிக்னலில் வண்டி நிற்கும்போதெல்லாம் ஸ்டீயரிங் வழியாக ஒரு நடுக்கம் கைக்கு ஏறி வந்தது. நான்கு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின். பிளக் மாற்றினேன், பிளக்குக்கு மின்சாரம் தரும் காயிலை இடம் மாற்றிப் பார்த்தேன், நடுக்கம் போகவில்லை. ஒரு பணிமனையில் இரவே விட்டுவிட்டு வந்தேன். மறுநாள் ஒவ்வொரு சிலிண்டரிலும் பிஸ்டன் அமுக்கும்போது எழும் அழுத்தத்தை (கம்ப்ரஷன்) பி.எஸ்.ஐ. என்ற அலகில் துண்டுச்சீட்டில் கிறுக்கிக் கொடுத்தார்கள்: 110, 108, 80, 112. "நாலுமே குறைவு சார். ரிங் தேய்ந்துவிட்டது, எஞ்சினைப் பிரிக்க வேண்டும்" என்றார் மெக்கானிக். ரிங் என்பது பிஸ்டனைச் சுற்றி அழுத்தம் கசியாமல் அடைக்கும் வளையம்.

எஞ்சினைச் சூடாக்கிய பிறகு எடுத்தீர்களா என்று கேட்டேன். காலையில் வந்ததும் முதல் வேலையாக எடுத்துவிட்டதாகப் பெருமையோடு சொன்னார். ஆக்சிலரேட்டரை மிதித்துப் பிடித்தீர்களா என்றதற்குப் பதிலே இல்லை. எஞ்சின் குளிர்ந்திருந்தாலும், ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் காற்று வழி மூடியிருந்தாலும் எண் குறைவாகத்தான் வரும். கணக்கு எழுதிப் பிழைப்பவன் நான். எப்படி வந்தது என்று சொல்ல முடியாத எண்ணை நம்பிக் கையெழுத்துப் போடுவதில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அந்த வாரமே ஒரு கம்ப்ரஷன் கேஜ் வாங்கினேன்.

திருகி மாட்டும் வகையைத்தான் தேர்ந்தெடுத்தேன். ரப்பர் முனையைத் துளையில் வைத்துக் கையால் அழுத்திப் பிடிக்கும் வகையும் உண்டு. ஆனால் என் எஞ்சினில் பிளக் உட்கார்ந்திருப்பது நடுவிரல் எட்டாத குழியில். அங்கே எதை அழுத்துவது? பெட்டியில் 10, 12, 14 மில்லிமீட்டர் மரைகளுக்கான இணைப்புகள், ஒரு ரப்பர் குழாய், 300 பி.எஸ்.ஐ. வரை காட்டும் கேஜ். குழாயின் சிலிண்டர் பக்க முனையில் ஒருவழி வால்வு இருக்கிறதா என்று முதலில் பார்த்தேன், இருந்தது. அது கேஜ் பக்கம் இருந்தால் குழாயின் கொள்ளளவும் சிலிண்டரோடு சேர்ந்து எண்ணைக் குறைத்துக் காட்டும். பார்வைக்கு டயர் வால்வு போலத்தான் இருக்கும், ஆனால் ஸ்பிரிங் மெல்லியது. பழுதானால் டயர் வால்வைச் செருகிச் சமாளிக்கக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமை காலை சற்றுத் தூரம் ஓட்டிவிட்டு வந்தேன். கொதிக்கும் சூட்டில் பிளக்கைக் கழற்றினால் சிலிண்டர்களை மேலே மூடியிருக்கும் அலுமினிய ஹெட்டின் மரை பிய்ந்துவிடக்கூடும் என்பதால், கை வைக்க முடிகிற அளவுக்கு ஆறவிட்டேன். எரிபொருள் பம்ப்பின் ஃபியூஸை எடுத்தேன். காயில்களைக் கழற்றினேன். நான்கு பிளக்குகளையும் வெளியே எடுத்தேன். ஒன்றை மட்டும் எடுத்துச் சோதித்தால் மற்ற மூன்றின் அழுத்தத்தோடும் ஸ்டார்ட்டர் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். மகள் ஓட்டுநர் இருக்கையில். "நியூட்ரல்தானே?" என்றேன். "மூணு தடவை கேட்டுட்டீங்க அப்பா" என்று ஆக்சிலரேட்டரைத் தரையோடு மிதித்தபடி சாவியைத் திருப்பினாள். சிலிண்டருக்கு ஆறு அமுக்கம், அவள் வாய்விட்டு எண்ண, நான் முள்ளைப் பார்த்தேன்.

165, 160, 115, 165.

ஆக, மூன்று சிலிண்டர்களுக்கு ஒரு குறையும் இல்லை. பணிமனைக் கணக்கிலும் மூன்றாவது மற்றவற்றைவிடக் கால் பங்குக்கு மேல் குறைவாகத்தான் இருந்தது. எண்கள் மொத்தமாகத் தாழ்ந்திருந்ததால் அதை யாரும் கவனிக்கவில்லை. சிலிண்டர்களுக்கு இடையே 10 முதல் 15 சதவீதம் வரை வித்தியாசம் இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம், இது 30.

முதல் அமுக்கத்தில் முள் எவ்வளவு தாவுகிறது என்பதையும் குறித்துவைத்தேன். ரிங் தேய்ந்த சிலிண்டரில் முதலில் கொஞ்சமாக எழும்பி, ஒவ்வொரு அமுக்கத்துக்கும் படிப்படியாக ஏறும். என் மூன்றாவதோ முதலிலும் மந்தம், பிறகும் மந்தம். ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி எடுத்தேன். ரிங் கசிவாக இருந்தால் ஆயில் அதை அடைத்து எண் குபீரென்று ஏறியிருக்கும். ஐந்தே பி.எஸ்.ஐ. ஏறியது. சந்தேகம் சிலிண்டருக்குள் காற்றை விட்டுப் புகையை வெளியேற்றும் எஞ்சின் வால்வுகளின் மேல் திரும்பியது.

இந்தக் கேஜின் பெரிய குறை கடைசியில்தான் தெரிந்தது. குழாயைத் திருகி எடுத்தபோது குழாய் மட்டும் வந்தது. இணைப்பு குழிக்குள்ளேயே தங்கிவிட்டது. குழாயை மீண்டும் அதில் இறுக்கித் திருகி வெளியே எடுப்பதற்குள் முக்கால் மணி நேரம். வாங்குபவர்கள் இணைப்பைக் குழாயோடு ஸ்பேனரால் இறுக்கிய பிறகு குழிக்குள் இறக்குங்கள். ஆனால் ஹெட்டில் மாட்டும்போது கையால் திருகினால் போதும். எல்லாவற்றையும் திரும்ப மாட்டிய பின் கொஞ்ச நேரம் நீலப் புகை வந்தது. அது நான் விட்ட ஆயில்.

நோட்டுப் புத்தகத்தோடு வேறொரு பணிமனைக்குப் போனேன். அங்கிருந்த மெக்கானிக் அம்மா என் எண்களைப் படித்துவிட்டுச் சிரிக்கவில்லை. அதுவே பாதி மரியாதை. அவர் எடுத்தபோது 178, 174, 122, 176 வந்தது. என்னுடையதைவிட எல்லாமே உயர்வு. என் பேட்டரி கிழடு, எஞ்சினை மெதுவாகத்தான் சுற்றும்; அவர் வேறு பேட்டரியைத் துணைக்குப் போட்டிருந்தார். விகிதம் மட்டும் அநேகமாக மாறவில்லை.

பிறகு செய்ததுதான் நான் வீட்டில் செய்ய முடியாதது. மூன்றாவது பிஸ்டனை, வால்வுகள் மூடியிருக்கும் நிலையில், மேல்முனையில் நிறுத்தி 100 பி.எஸ்.ஐ. காற்றைச் செலுத்தினார். 38 சதவீதம் கசிந்தது. ஆயில் ஊற்றும் வாயில் காதை வைத்தார்: சத்தமில்லை, ரிங் வழியாகக் கசியவில்லை. ரேடியேட்டரில் குமிழி இல்லை, தண்ணீர்ப் பாதைக்கும் கசியவில்லை. "பின்னால் போய்க் கேளுங்க" என்றார். குனிந்தேன். புகைக்குழாயிலிருந்து பாம்பு சீறுவதுபோல ஒரே சீராகக் காற்று வந்துகொண்டிருந்தது. புகையை வெளியேற்றும் எக்ஸாஸ்ட் வால்வுதான் கசிந்தது. ஹெட்டை மட்டும் கழற்றினார்கள். வால்வின் விளிம்பில் நகம் கடித்ததுபோல ஒரு துண்டு எரிந்து போயிருந்தது. பிஸ்டன் பக்கம் யாரும் போகவில்லை.

கேஜுக்கு ஐந்துக்கு நான்கு மதிப்பெண். அந்த இணைப்புக்காக ஒன்றைக் கழித்தேன். பக்கத்து வீட்டுக்காரர் தம் டீசல் வண்டிக்கு இரவல் கேட்டார். டீசலில் 400 பி.எஸ்.ஐ. சாதாரணமாக வரும், என் கேஜ் 300-ல் முடிந்துவிடும் என்று மறுத்தேன். மனமில்லாமல் சாக்குச் சொல்கிறேன் என்றே அவர் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறார்.