டெத் வேலி ஜீப் பயணத்துக்குப் பணம் கட்டுமுன் இதைப் படியுங்கள்

கலிபோர்னியாவின் டெத் வேலி தேசியப் பூங்காவில் கூட்டமாக ஜீப் ஓட்டிப்போகும் பயணம் என்று விளம்பரம் பார்த்துப் பணம் கட்டப் போகிறீர்களா, கொஞ்சம் பொறுங்கள். 2022 வசந்த காலத்தில் குடும்பத்தோடு போன எங்களை நடுவழியில் விட்டுவிட்டார்கள்.

ஜீப் பயணத்தை நடத்தும் நிறுவனத்துடையது, ஓட்டுவது நாம். முன்னால் வழிகாட்டி வண்டி, கடைசியில் காவலுக்கு ஒரு வண்டி, ஆளுக்கொரு வாக்கி டாக்கி எல்லாம் உண்டு என்று சொல்லித்தான் முழுப் பணத்தையும் முன்கூட்டியே வாங்கினார்கள். பீட்டி ஊரில் கிளம்பும்போது பார்த்தால் வழிகாட்டி ஒரே ஆள், கடைசி வண்டியும் இல்லை, வாக்கி டாக்கியும் இல்லை. கேட்டதற்கு 'என் புழுதியைப் பார்த்துக்கொண்டே வாருங்கள், போதும்' என்றார்.

நாங்கள் போன டைட்டஸ் கேன்யன் என்ற மலை இடுக்குப் பாதை சுமார் 27 மைல், ஒருவழி. உள்ளே போய்விட்டால் திரும்பி வரக் கூடாது, போனில் சிக்னலும் கிடைக்காது. ரெட் பாஸ் என்ற மலைக் கணவாய் ஏறி லெட்ஃபீல்டுக்கு இறங்கும் வளைவில் கூரான கல் ஒன்று டயரின் பக்கவாட்டைக் கிழித்துவிட்டது, முன்னால் போனவர் திரும்பியே பார்க்கவில்லை. லெட்ஃபீல்டு என்பது 1926இல் ஈயம் கொட்டிக்கிடக்கிறது என்று பங்கு விற்றுக் கிளப்பிவிட்ட சுரங்க ஊர், அடுத்த வருஷமே காலி. துருப்பிடித்த தகரக் கொட்டகைகளைத் தவிர அங்கே எதுவும் இல்லை, யாரைக் கூப்பிடுவது?

ஸ்டெப்னி இருந்தது. ஆனால் சக்கரத்தின் ஐந்து நட்டில் ஒன்று திருட்டுக்குப் பயந்து போடும் பூட்டு நட். அதைக் கழற்றும் சாவி வண்டி முழுக்கத் தேடியும் கிடைக்கவில்லை. அம்மாவுக்குச் சர்க்கரை வியாதி, வெயிலோ ஏறிக்கொண்டே போகிறது. நல்லவேளையாகப் பின்னால் வந்த ஒரு வயதான தம்பதி நிறுத்தினார்கள். அந்தப் பெரியவர் நட்டைக் கழற்றும் சாக்கெட்டில் கொஞ்சம் சின்ன அளவுள்ள ஒன்றை அந்தப் பூட்டு நட்டின் மேல் சுத்தியலால் அடித்து இறக்கி, அது கவ்விப் பிடித்ததும் அப்படியே திருகிக் கழற்றினார். ஸ்டெப்னியிலும் காற்று பாதிதான், அதையும் தன் கம்ப்ரசரில் நிரப்பிக் கொடுத்தார். அவர்கள் நன்றாக இருக்க வேண்டும்.

கேன்யனை விட்டு வெளியே வந்தால் வழிகாட்டியைக் காணோம். அப்புறம் டயருக்கு பில் மட்டும் வந்தது, நாங்கள் கையெழுத்துப் போட்ட தாளைக் காட்டி 'எல்லாம் உங்கள் பொறுப்பு' என்றார்கள்.

தேசியப் பூங்காவுக்குள் காசு வாங்கிக்கொண்டு ஆட்களை அழைத்துப்போக நிர்வாகத்தின் வணிக அனுமதி வேண்டும். எத்தனை முறை கேட்டும் இவர்கள் அதைக் காட்டவில்லை. நீங்கள் முதலில் அதைக் கேளுங்கள், மழுப்பினால் விட்டுவிடுங்கள். வண்டியை எடுக்குமுன் ஸ்டெப்னியின் காற்று, ஜாக்கி, பூட்டு நட் சாவி மூன்றையும் கண்ணால் பாருங்கள். வெள்ளம் வந்தால் இந்தப் பாதைகளை மூடிவிடுவார்கள், திறந்திருக்கிறதா என்பதைப் பூங்கா நிர்வாகத்திடமே கேளுங்கள். ஏற்கெனவே பணம் கட்டி மாட்டிக்கொண்டவர்கள் கார்டு கொடுத்த வங்கியில் உடனே புகார் செய்யுங்கள், எனக்குப் பாதிப் பணம் அப்படித்தான் திரும்பி வந்தது.