இணையவழி மனநல ஆலோசனை: பினாங்கில் படித்த காலத்து அனுபவம்

இளங்கலை இரண்டாம் ஆண்டில் தொடங்கி முதுகலை ஆய்வேட்டை ஒப்படைக்கும் வரை, பினாங்கில் படித்த காலத்தின் பெரும்பகுதியில் இணையவழி மனநல ஆலோசனையைப் பயன்படுத்தி வந்தேன். முதலில் ஒரு செயலியை மட்டும் பயன்படுத்தினேன். பிறகு அதனுடன் ஆலோசகர் ஒருவரும் சேர்ந்தார். இரண்டுக்கும் இடையே நான் கண்ட வேறுபாடு பெரிது.

செயலியில் இருந்தவை அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சைப் பாடங்கள். மனத்தில் ஓடும் எண்ணத்தை எழுதி, அதற்குச் சான்று உண்டா என்று சோதித்து, அதே நிகழ்வை வேறு கோணத்தில் பார்க்க அவை பழக்கின. மனச்சோர்வை அளக்க பி.எச்.கியூ-9 வினாத்தாளும் உண்டு. ஒன்பது வினாக்கள், 0 முதல் 27 வரை மதிப்பெண். பாடங்களின் தரத்தில் எனக்குக் குறையே இல்லை. ஆனால் சோர்வு மிகுந்த வாரங்களில் செயலியைத் திறக்கவே மனம் வரவில்லை. துணை மிகவும் தேவைப்பட்ட நாள்களில்தான் அது கைக்கு எட்டாமல் போயிற்று.

ஆலோசகர் வந்தபின் இந்நிலை மாறியது. அவர் தமிழ் பேசுபவர். தோட்டத்திலிருந்து முதன்முதலாகப் பல்கலைக்கழகம் சென்ற பிள்ளையின் மீது குடும்பம் வைத்திருக்கும் எதிர்பார்ப்பை நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. நான் எழுதிய பயிற்சியைப் படித்துவிட்டு, வாரத்தின் நடுவில் இரண்டு வரி அனுப்புவார். ஒருவர் படிக்கிறார் என்று தெரிந்ததாலேயே தொடர்ந்து எழுதினேன். மெக்சிகோ, கொலம்பியா நாடுகளின் பல்கலைக்கழக மாணவர்களிடையே நடந்த ஓர் ஆய்விலும், வழிகாட்டியுடன் கூடிய இணையச் சிகிச்சை பெற்றவர்களே, தாமாகவே பாடங்களைப் படித்தவர்களைவிட அதிகமாகக் குணமடைந்தார்கள்.

தனிமையான இடம் கிடைப்பதுதான் எனக்கு மிகக் கடினமாக இருந்தது. குளுகோரில் நாங்கள் பகிர்ந்திருந்த வாடகை வீட்டில் அறைகளைப் பிரித்தது மெல்லிய பலகைதான். விடுமுறைக்குச் சுங்கை பட்டாணி சென்றால், கதவைச் சாத்தினாலே "யார்கிட்டம்மா இவ்வளவு நேரம் பேசுற?" என்று அம்மா கேட்பார். அம்மாவைப் பற்றியே பேச வேண்டிய நாளில் அந்த வீட்டில் வாய் திறக்க இயலாது. இதை உணர்ந்த ஆலோசகர், ஒவ்வோர் அமர்வின் தொடக்கத்திலும் ஆம், இல்லை என்று மட்டும் பதில் சொல்லக்கூடிய ஒரு கேள்வியால் சூழலை அறிந்துகொள்வார். தடை இருந்தால் எழுத்து உரையாடலுக்கு மாற்றிவிடுவார். இணைப்பு தடுமாறினால் காணொளியை நிறுத்திவிட்டுக் குரலில் மட்டும் தொடர்வோம். முகம் தெரியாதபோது அழுவது எனக்கு எளிதாகவே இருந்தது. படிப்புக் காலத்தில், நூலகத்தின் சிறு கலந்துரையாடல் அறையை முன்பதிவு செய்துகொள்வேன். மாணவர்களுக்கு நான் முதலில் சொல்ல விரும்பும் வழி இதுவே.

கட்டணம் தனிக் கவலை. கல்விக் கடனில் வாழும் மாணவருக்குத் தனியார் ஆலோசனைக் கட்டணம் கட்டுப்படியாகாது. மாணவர் சலுகை இல்லையென்றால் நான் பாதியிலேயே விலகியிருப்பேன்.

மலேசியாவிலேயே நிலைமை இதுவென்றால், நம்மைவிட வருமானம் குறைந்த நாடுகளின் மாணவர்களை எண்ணாமல் இருக்க முடியவில்லை. குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில் மனநலச் சிக்கல் உடையோரில் 75 விழுக்காட்டுக்கும் அதிகமானோர் எந்தச் சிகிச்சையும் பெறுவதில்லை என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. அங்கே செயலியை மட்டும் இலவசமாகக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வது போதாது. வழிகாட்டி மனநல மருத்துவராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஜிம்பாப்வேயில் மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டா தொடங்கிய திட்டத்தில், பயிற்சி பெற்ற பாட்டிமார்கள் மரப் பலகையில் அமர்ந்து மக்களின் குறை கேட்டார்கள்; அது மனச்சோர்வைக் குறைத்தது என்பதை 2016இல் வெளியான ஆய்வு காட்டியது. முதுகலை உளவியல் மாணவர்களுக்குப் பயிற்சியும் மேற்பார்வையும் அளித்து, அவர்களை இணையப் பாடங்களுக்கு வழிகாட்டிகளாக அமர்த்தலாம் என்பது என் உறுதியான கருத்து.

இச்சேவையில் சேர விரும்பும் நம் மாணவர்கள், பேசப்போகிறவர் 1998ஆம் ஆண்டு ஆலோசகர் சட்டத்தின்கீழ் பதிவு பெற்றவரா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எழுந்தால் அடுத்த அமர்வுக்காகக் காத்திராமல், சுகாதார அமைச்சின் 15555 என்ற எண்ணை அழையுங்கள். இல்லையேல் அருகிலுள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு 2023இல் நீக்கப்பட்டுவிட்டதால், உண்மையைச் சொன்னால் வழக்கு வருமோ என்ற அச்சம் இனி வேண்டியதில்லை.