ஃப்ராஸ்ட்கிரேவ்: அடுத்தவர் வீரனை நாம் ஆட்டும்போது

சிங்கப்பூர் செங்காங்கில் இருக்கும் தம்பி ஒருவர், ஃப்ராஸ்ட்கிரேவ் (மேசையில் சின்ன மாடல் பொம்மைகளை நகர்த்திப் புதையலுக்காக மோதும் ஆட்டம்) வாங்கலாமா என்று கேட்டார். சுருக்கமாகப் பதில் சொல்ல முடியவில்லை. 2015இல் வந்த ஆட்டம். நாங்கள் ஆடுவது 2020இல் வந்த இரண்டாம் பதிப்பு. ஒரு மந்திரவாதி, ஒரு சீடர், எட்டு வீரர்கள், ஒரு 20 முகப் பகடை. மூன்றடிக்கு மூன்றடி இடம் போதும், அதனால் வீவக அடுக்குமாடி வீட்டுச் சாப்பாட்டு மேசையிலேயே ஆடலாம். இதெல்லாம் அவருக்கே தெரியும். அவருக்குத் தெரியாதது, மைண்ட் கன்ட்ரோல் என்ற ஒரே மந்திரம் ஒரு குழுவை என்ன பாடு படுத்தும் என்பது.

சூத்சேயர், அதாவது குறிசொல்லும் வகை மந்திரவாதியின் மந்திரம் அது. போட்டவுடன் எதிரணி வீரனுக்குப் பகடை உருட்டி, அவன் மனவுறுதிப் புள்ளியையும் கூட்டி, மந்திரம் போடும்போது உங்களுக்கு விழுந்த எண்ணை எட்ட வேண்டும். எட்டாவிட்டால் தற்காலிகமாக அவன் உங்கள் ஆள். புதையலைத் தூக்கிக்கொண்டு மேசை ஓரத்துக்கு ஓடிக்கொண்டிருந்தவன் திடீரென்று திரும்பி உங்களை நோக்கி வருவான் பாருங்கள், அந்த நேரத்துச் சந்தோஷத்துக்கு ஈடாக இந்த ஆட்டத்தில் வேறொன்றும் இல்லை. மனதாரச் சொல்கிறேன்.

அப்புறம்தான் சண்டை ஆரம்பிக்கும். ஒரு சுற்றில் முதலில் மந்திரவாதிகள், பிறகு சீடர்கள், பிறகு வீரர்கள், கடைசியில் மிருகங்கள் என்று வரிசை. ஆனால் மந்திரவாதி தன் முறையிலேயே பக்கத்தில் நிற்கும் வீரர்களையும் கூட்டிக்கொண்டு நகரலாம். அப்படி ஏற்கெனவே நகர்ந்துவிட்ட ஒருவனை நான் பிடித்தால், அதே சுற்றில் அவன் மறுபடியும் நகரலாமா? அவன் என் ஆளோடு மோதிக்கொண்டிருந்தால் அந்த மோதல் என்ன ஆகும்? கையிலிருக்கும் புதையல் யாருக்கு?

எங்கள் குழுவில் மூத்தவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். அவர் வார்ஹேமர் 40,000 என்ற இன்னொரு மாடல் போர் ஆட்டத்தை ஆடி வளர்ந்தவர். 2012இல் வந்த அதன் ஆறாம் பதிப்பில் பப்பெட் மாஸ்டர் என்ற சக்தி இருந்தது. அதை வைத்து எதிராளியின் ஆளையே அவன் பக்கத்து ஆட்களைச் சுட வைக்கலாம். தகராறு வந்தால் பகடை உருட்டு, 1 முதல் 3 வரை வந்தால் ஒருவர் சொல்வது சரி, 4 முதல் 6 வரை வந்தால் மற்றவர் சொல்வது சரி, ஆட்டத்தை நிறுத்தாதே என்பது அந்த ஆட்டக்காரர்களின் பழக்கம். மறைவில் நிற்கிறானா இல்லையா போன்ற சின்ன விஷயத்துக்கு அது அருமையான வழி. இங்கே அது ஒத்துவராது. ஃப்ராஸ்ட்கிரேவில் வீரன் அடுத்த ஆட்டத்துக்கும் வருகிறான். விழுந்தவனுக்கு ஆட்டம் முடிந்ததும் அந்த 20 முகப் பகடையை உருட்டுவோம். 1 முதல் 4 வரை வந்தால் செத்தான். இந்த வாரம் ஒரு தீர்ப்பு, அடுத்த வாரம் வேறு தீர்ப்பு என்றால் ஆளை இழந்தவனுக்கு மனசு ஆறாது.

வழி காட்டியது ‘மேஜிக்: த கேதரிங்’ என்ற சீட்டாட்டத்திலிருந்து வந்த ஒரு பையன். அந்த ஆட்டத்தின் விதிகளில் சீட்டுக்குச் சொந்தக்காரர் வேறு, இப்போது அதைக் கையாள்பவர் வேறு. யார் கையாண்டாலும், அழிந்த சீட்டு சொந்தக்காரரின் குவியலுக்குத்தான் திரும்பும். அதை அப்படியே எடுத்துக்கொண்டோம். என்ன செய்வது என்று முடிவெடுப்பவர் மந்திரம் போட்டவர். மாடலைக் கையால் நகர்த்துவது சொந்தக்காரர் (ராத்திரி கண்விழித்து பெயின்ட் அடித்த மாடலை இன்னொருவர் வியர்வைக் கையோடு தூக்குவதை என்னால் பார்க்க முடியாது). காயம், சாவு எல்லாம் சொந்தக்காரர் கணக்கு. ஒரு சுற்றில் ஒருமுறை நகர்ந்தவன் மறுபடி நகர மாட்டான். புதையலோடு வெளியேறினால், வெளியேறும் நேரத்தில் யார் கையில் இருந்தானோ அவருக்கு. மேசையில் புதிதாக எது முளைத்தாலும் அன்றைக்குப் பகடை, மறுநாள் பேசி நோட்டில் எழுதுவது. இந்த நோட்டு வந்த பிறகு ஆட்டம் பாதியில் நின்றதே இல்லை.

போன மாதம் அண்ணன் என் வில்லாளியைப் பிடித்தார். எட்டு அங்குலக் கோபுரத்தின் உச்சியில் நின்றவனைக் கீழே குதிக்கச் சொன்னார். மூன்று அங்குலத்துக்கு மேல் விழுந்தால், விழுந்த ஒவ்வொரு அங்குலத்துக்கும் ஒன்றரைப் புள்ளி அடி. வில்லாளிக்கு இருப்பதே பத்து. எங்கள் நோட்டின்படி அண்ணன் செய்தது சரிதான். நான் முடிவெடுத்திருந்தாலும் அவனைக் குதிக்க வைக்கலாம், ஆகவே அவரும் வைக்கலாம். விதியில் ஒரு ஓட்டையும் இல்லை. ஆட்டம் முடிந்து உருட்டினேன், 3 விழுந்தது. எத்தனையோ ஆட்டங்களாகக் கூடவே வந்தவன். ஒரு வாள்கூட அவன் மேல் படவில்லை. சண்டையில் செத்திருந்தால் எனக்கு ஒன்றுமில்லை.

தம்பி, ஆட்டத்தைத் தயங்காமல் வாங்குங்கள். மைண்ட் கன்ட்ரோல் மட்டும் உங்கள் மேசையில் வேண்டாம். அது தரும் சந்தோஷத்துக்கு இந்த ஆட்டத்தில் ஈடில்லை என்று மேலே சொன்னேன், அதில் மாற்றமில்லை. ஆனாலும் என் சூத்சேயரின் பட்டியலிலிருந்து அதை அடித்துவிட்டேன். அண்ணனையும் எடுத்துவிடச் சொல்லியிருக்கிறேன். யோசித்துச் சொல்கிறேன் என்றார்.