நிலமா, சீமை ஃபவுண்டரியா? தோவாபா குடும்பங்களின் கணக்கு

பியாஸ், சட்லெஜ் ஆறுகளுக்கு நடுவில் கிடக்கும் தோவாபா பஞ்சாபின் நல்ல மண். ஜலந்தர், ஹோஷியார்பூர், கபூர்தலா எல்லாம் அதில்தான் வரும். ஆனால் ஆளுக்குக் கிடைப்பது துண்டு நிலம். 1950களின் கடைசியில் பத்து ஏக்கரும் மூன்று மகன்களும் இருந்த ஒரு வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பாகம் பிரித்தால் ஆளுக்கு மூன்றேகால் ஏக்கர் சொச்சம். கலப்பையைப் பிடிப்பதா, இங்கிலாந்துக்குக் கப்பலோ விமானமோ ஏறுவதா?

கூலியை மட்டும் பார்த்தால் போட்டியே இல்லை. ஸ்மெதிக், வெஸ்ட் ப்ராம்விச், வுல்வர்ஹாம்ப்டன் போன்ற இங்கிலாந்து ஊர்களின் ஃபவுண்டரிகளில், அதாவது இரும்பு வார்ப்பு ஆலைகளில், ஆள் பற்றாக்குறை. ஆங்கிலம் தெரியாவிட்டாலும் வேலை உண்டு. முன்னால் போன மச்சானோ சித்தப்பாவோ சொல்லிச் சேர்த்துவிடுவார். ஆனால் என்ன வேலை? உருகிய இரும்பின் அனல், மண் அச்சிலிருந்து கிளம்பும் தூசி, வார்ப்பின் பிசிறை நாள் முழுக்கத் தேய்த்தெடுப்பது. வெள்ளைத் தொழிலாளர்கள் ஒதுக்கிய வேலைகள் இவை. மேலே ஏற வழி கிடையாது. வேலை கிடைக்க வேண்டுமென்று சீக்கியர் பலர் முடியை வெட்டி, தலைப்பாகையைக் கழற்றினார்கள். பகல் ஷிஃப்ட்காரர் எழுந்த கட்டிலில் இரவு ஷிஃப்ட்காரர் படுத்தார். ஸ்மெதிக்கின் மார்ஷல் தெருவில் வெள்ளையர் அல்லாதவர்களுக்கு வீடு போகக்கூடாது என்று அங்கிருந்த வெள்ளையர்கள் மனுப் போட்டார்கள். 1965 பிப்ரவரியில் அமெரிக்கக் கறுப்பினத் தலைவர் மால்கம் எக்ஸே வந்து அந்தத் தெருவைப் பார்த்துவிட்டுப் போனார். சொந்த ஊரில் நிலக்காரர், அங்கே கடைசிப் படி. இந்த இழப்பைப் பவுண்டில் கணக்குப் போட முடியாது என்றே நினைக்கிறேன்.

ஊரில் இருந்தவர் நிலை? முதலில் மோசம்தான். 1960களின் நடுவில் மெக்சிகோ குட்டைக் கோதுமை வந்தது, லூதியானா விவசாயப் பல்கலைக்கழகம் கல்யாண் சோனா என்ற கோதுமை ரகத்தைக் கொடுத்தது, அரசு விலை சொல்லிக் கொள்முதல் செய்தது. காட்சி மாறியது. இருந்தவர் ஜெயித்தார் என்று இதை வைத்துச் சொல்லிவிடலாமா? அந்தக் கோதுமைக்கு உரம், போர்வெல், மோட்டார் எல்லாம் வேண்டும். அதற்குக் கைப்பணம் வேண்டும். தோவாபாவில் அது பல வீடுகளுக்கு ஃபவுண்டரியிலிருந்துதான் வந்தது. அண்ணன் இரும்பு ஊற்ற, தம்பி போர்வெல் போட்டார். ஒரே குடும்பம் இரண்டு பக்கமும் கால் வைத்திருந்தது.

பெண்களை இந்தக் கணக்கில் பலரும் விட்டுவிடுகிறார்கள். கணவர் சீமையில், மாமனார் மாமியார், மாடு, பிள்ளைகள் எல்லாம் மனைவி தலையில். 1962 ஜூலையில் பிரிட்டன் குடியேற்றத்தைக் கட்டுப்படுத்திய பிறகு, ஊருக்குத் திரும்பினால் மறுபடி உள்ளே விடுவார்களா என்ற பயம் பிடித்துக்கொண்டது. நாலு காசு சேர்த்துத் திரும்பலாம் என்று போனவர்கள் அதற்கப்புறம்தான் மனைவி மக்களை வரவழைத்து அங்கேயே தங்கிப்போனார்கள்.

1980களின் தொடக்கத்தில் அந்த ஃபவுண்டரிகள் வரிசையாக மூடின. ஐம்பது வயதில் வேலை போனவர்களுக்கு வேறு தொழில் தெரியாது. இந்தப் பக்கம் நெல் வந்து நிலத்தடி நீரைக் குடித்தது. 2009இல் ஜூன் 10க்கு முன் நடவு கூடாது என்று சட்டமே போட வேண்டியிருந்தது. கடன் வேறு. ஆக, இரண்டுமே கடைசிவரை காப்பாற்றவில்லை. ஆனாலும் ஊரில் நிலத்தை வைத்துக்கொண்டு ஃபவுண்டரிக்குப் போன வீடுகள்தான் நன்றாகத் தேறின என்பது என் முடிவு. அடுத்த தலைமுறைக்கு அங்கே பள்ளிக்கூடம், இங்கே பட்டா.

இன்று கனடாவுக்குப் போகும் பையன்களை அந்தக் கதையோடு ஒப்பிடுவது எனக்குக் கவலை தருகிறது. படிப்பு விசா, ஏஜெண்ட் கமிஷன், முதல் வருடக் கட்டணம் என்று நிலத்தை விற்றோ அடகு வைத்தோதான் பல வீடுகள் அனுப்புகின்றன. தாத்தா நிலத்தைக் காப்பாற்றப் போனார். பேரன் போவதற்கு நிலம் போகிறது. வேறு வழியே இல்லை, போயே ஆக வேண்டும் என்றால் குத்தகைக்கு விட்டுவிட்டுப் போகட்டும். விற்க வேண்டாம்.