6 முதல் 8 வகுப்புப் பிள்ளைகளுக்கு எந்தத் தமிழ் வேதாகமம்? ஒரு வருட ஞாயிறு பள்ளிக்குப் பின்

காலண்டரில் 52 ஞாயிறு இருக்கும். குருத்தோலை, ஈஸ்டர், அறுப்பின் பண்டிகை, கிறிஸ்துமஸ் ஒத்திகை, காலாண்டு, அரையாண்டுப் பரீட்சை, மே மாத விபிஎஸ் (விடுமுறை வேதாகமப் பள்ளி) எல்லாம் போக நடுநிலை வகுப்புக்கு நாற்பது வாரம் மிஞ்சினால் அதிர்ஷ்டம். அந்த நாற்பதில் மாற்கு சுவிசேஷத்தின் 16 அதிகாரங்களைத் தாராளமாக முடிக்கலாம். பெரும்பாலான அதிகாரங்களுக்கு இரண்டு வாரம், உவமைகளும் புயலும் சேர்ந்து வரும் 4-ஆம் அதிகாரத்துக்கு மூன்று வாரம் என்று வைத்துக்கொண்டால் நாற்பதுக்குள் அடங்கிவிடும். வருடத்தை ஓட்டுவதும் கவிழ்ப்பதும் பிள்ளைகள் கையில் இருக்கும் மொழிபெயர்ப்புதான். கடையில் கிடைக்கும் மூன்றையும் மாற்கை வைத்தே எடைபோடுவோம்.

முதலில் பழைய திருப்புதல். வீட்டில் இருப்பதும், சபையில் வாசிப்பதும், வசனப் போட்டிக்குக் கேட்பதும் பெரும்பாலும் இதுதான். 1871-இல் முடிந்த மொழிபெயர்ப்பின் வழிவந்தது. மனப்பாடத்துக்கு இதை விஞ்ச ஒன்றுமில்லை. ஓசை நாக்கில் ஒட்டிக்கொள்ளும். ஆனால் 11 வயதுப் பிள்ளை முதல்முறை வாசிக்கும்போது தடுக்கி விழும் இடங்கள் ஏராளம். யோவான் 3:16-ஐயே பாருங்கள். ‘தேவன்’ முதல் சொல், ‘அன்புகூர்ந்தார்’ கடைசிச் சொல். நடுவில் ‘எவனோ அவன்’ என்ற இடத்தில் பிள்ளை மூச்சு வாங்க நிறுத்தும், அங்கேயே பொருளும் அறுந்துபோகும். மனப்பாடம் செய்ய வைக்கும் முன் பலகையில் ‘தேவன்... அன்புகூர்ந்தார்’ என்று இரு முனையையும் எழுதிவிட்டு நடுவை அப்புறம் நிரப்புங்கள். ஐந்து நிமிட வேலை.

சொற்களில் வரும் சிக்கல் வேறு ரகம். மாற்கு 2-இல் நாலு பேர் சுமந்து வருகிறவன் ‘திமிர்வாதக்காரன்’. ஏழாம் வகுப்புப் பையனுக்கு அது திமிர் பிடித்தவன் என்றுதான் கேட்கும். அவனை ஏன் சுமக்க வேண்டும் என்று கேட்பான், கேட்பது நியாயமும்கூட. அதே அதிகாரத்தில் லேவி உட்கார்ந்திருப்பது ‘ஆயத்துறையில்’. அது என்னவென்று வகுப்பில் யாருக்கும் தெரியாது.

திருவிவிலியம் இந்த இடத்தில்தான் மதிப்பெண் அள்ளுகிறது. கத்தோலிக்கரும் மற்றத் திருச்சபையாரும் சேர்ந்து செய்து 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பு. அங்கே அவர் முடக்குவாதமுற்றவர். லேவி இருப்பது சுங்கச்சாவடியில். நெடுஞ்சாலையில் பஸ்ஸில் போன எந்தப் பிள்ளைக்கும் அந்த இடமும் அங்கே நிற்பவர்களின் முகமும் உடனே தெரியும். எளிய மனிதர்களையும் ‘அவர்’ என்றே குறிப்பது இன்னொரு நன்மை. பகுதித் தலைப்புகள் இருப்பதால் வாசிப்பை எங்கே நிறுத்துவது என்ற தடுமாற்றமும் இல்லை.

குறைகளும் உண்டு. ஆதியாகமம் ‘தொடக்கநூல்’, சங்கீதம் ‘திருப்பாடல்கள்’, யவீரு ‘யாயிர்’. சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) பிள்ளை பக்கம் தேடியே பத்து நிமிடம் போய்விடும். நூல்களின் பெயரை இரண்டு விதமாகவும் எழுதிய ஒரு தாளை அட்டைக்குள் ஒட்டிக் கொடுத்தால் தீர்ந்தது. மாற்கு 9-இல் 44, 46 வசனங்கள் உடற்பகுதியில் வராது. பழைய கையெழுத்துப் படிகள் பலவற்றில் அந்த வரிகள் இல்லை என்பதே காரணம். கவனமான பிள்ளை ஒன்று கட்டாயம் கேட்கும். “அச்சுப் பிழை” என்று சமாளித்தால் அந்தப் பிள்ளை அடுத்து எதையும் நம்பாது. சொல்லவேண்டியதைச் சொல்லிவிடுங்கள், ஏழாம் வகுப்புக்குப் புரியும்.

மூன்றாவது, ஈஆர்வி எனும் எளிய நடைப் பதிப்பு. ஆங்கில வழியில் படித்து, தமிழை எழுத்துக்கூட்டி வாசிக்கும் ஆறாம் வகுப்புக்கு ஏற்றது. வாக்கியங்கள் குட்டை. நிருபங்களுக்கு, அதாவது அப்போஸ்தலரின் கடிதங்களுக்கு, உதவும். சங்கீதத்தில் மட்டும் சப்பென்று இருக்கிறது, அங்கே பழையதையே எடுங்கள். மூன்றிலும் ‘அப்பம்’ என்று வரும்போது சில பிள்ளைகள் தேங்காய்ப்பாலோடு ஆப்பத்தைத்தான் நினைக்கும். சிரித்துவிட்டுக் கடந்துபோகலாம்.

எந்தப் பதிப்பு வாங்கினாலும் ஆளுக்கொரு வசனமாக வட்டத்தில் வாசிக்க விடாதீர்கள். நடுநிலை வகுப்பைக் கெடுக்கும் பழக்கம் இது. பையன் தன் முறைக்கு எந்த வசனம் வரும் என்று எண்ணிக்கொண்டிருப்பான், மற்றதைக் கேட்கமாட்டான். பழைய திருப்புதலில் ஒரே வாக்கியம் இரண்டு மூன்று வசனத்துக்கு நீளும். அதனால் ஒரு பிள்ளையின் பங்கு ‘வந்து,’ என்று அந்தரத்தில் நிற்கும். ஒரு பகுதி முழுவதையும் ஒருவரே வாசிக்கட்டும். எல்லார் கையிலும் ஒரே மொழிபெயர்ப்பு இருக்கட்டும்.

15 பிள்ளைகள் என்றால் திருவிவிலியம் 8 பிரதி போதும், இருவருக்கு ஒன்று. அதற்கும் பணம் இல்லையென்றால் புதிய ஏற்பாடு மட்டும். பொடி எழுத்துப் பதிப்பை ஒதுக்குங்கள். ஜிப் உறை தேவையில்லை, அந்த ஜிப் சத்தமே வகுப்பைக் கலைக்கும். ஹைலைட்டர் மை அந்த மெல்லிய தாளில் மறுபக்கம் ஊறும், கலர் பென்சில் கொடுங்கள். செல்போன் செயலியில் மூன்றும் கிடைத்தாலும் வகுப்புக்குள் வேண்டாம். வீட்டில் ஒலிவடிவம் கேட்க மட்டும் சொல்லுங்கள். மனப்பாட வசனத்துக்குப் பழைய திருப்புதல் ஒன்று ஆசிரியர் மேசையில் இருந்தால் போதும்.

கடையில் வாங்குமுன் மாற்கு 5-ஐத் திறந்து, கூட வந்திருக்கும் ஒரு பிள்ளையை 35 முதல் 43 வரை உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். இறந்துபோன பெண்ணுக்கு வயது 12, வகுப்பிலிருக்கும் பாதிப்பேரின் வயது. அவளை எழுந்திரு என்று இயேசு கூப்பிடும் சொல் பழையதில் ‘தலீத்தாகூமி’, திருவிவிலியத்தில் ‘தலித்தா கூம்’. கடைசி வரியில் அவளுக்குச் சாப்பிட ஏதாவது கொடுக்கச் சொல்கிறார் இயேசு. அந்த வரிவரை திக்காமல் வந்து, பிள்ளை தானாகத் தலைநிமிர்ந்து பார்த்தால் அந்தப் பதிப்பையே வாங்குங்கள்.